மார்க்கத்துக் காணியின் முதற்பெயர் யாருடையது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள மார்க்கம் நகரில், ஒன்பதாவது லைன் என்ற வீதிக்குக் கிழக்கே, பதினான்காவது அவெனியூவுக்கு வடக்கே ஒரு வீடு வாங்கியிருக்கிறீர்கள். அந்த இடம் ஒரு காலத்தில் பண்ணைக் காணி. இணையத்தில் கிடைத்த 1878ஆம் ஆண்டு வரைபடத்தில் அந்தத் துண்டின்மேல் ஒரு குடும்பத்தின் பெயர் இருக்கிறது. பக்கத்து வீதிக்கும் பழைய குடும்பம் ஒன்றின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் குடும்பங்கள்தான் காணியின் முதல் சொந்தக்காரர்களா, அரசு அவர்களுக்குச் சும்மா கொடுத்ததா என்பது உங்கள் கேள்வி. ஒன்ராறியோவில் காணி உறுதி தேடும் வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. முதலில் பத்திரம் பெற்றவர் யார்? முதலில் மரம் வெட்டிக் குடியிருந்தவர் யார்? பத்திரம் கொடுத்த அரசுக்கு அந்த நிலம் எப்படி வந்தது? முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்குப் பாதிதான் சொல்ல முடியும். மூன்றாவது இருநூறு வருடங்களுக்கு மேலாக இழுபட்ட வழக்கு.

முதலில் உங்கள் வீடு எந்தத் துண்டில் நிற்கிறது என்று பார்ப்போம். மேல் கனடா, அதாவது அன்றைய ஒன்ராறியோவின் நில அளவையாளர்கள் சங்கிலியால் அளந்தார்கள். ஒரு சங்கிலி 66 அடி. மார்க்கம் டவுன்ஷிப்பில் யோங் வீதியை அடிக்கோடாக வைத்து, கிழக்கு நோக்கி 100 சங்கிலிக்கு ஒரு கோடு இழுத்தார்கள். இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட பட்டையின் பெயர் கொன்செஷன். பட்டையைத் தெற்கிலிருந்து வடக்காக 20 சங்கிலிக்கு ஒன்றாக வெட்டினால் ஒரு லொட், அதாவது 200 ஏக்கர். ஐந்து லொட்டுக்கு ஒரு குறுக்கு வீதி. பேவியூ, லெஸ்லி, வுட்பைன், வோர்டன், கெனடி, மக்கோவன், மார்க்கம் றோட், ஒன்பதாவது லைன் எல்லாம் ஒன்றுக்கொன்று இரண்டு கிலோமீற்றர் தள்ளி இருப்பது இதனால்தான். நீங்கள் தினமும் காரில் போகும் வீதிகள் 1790களில் காட்டுக்குள் இழுத்த அதே கோடுகள். உங்கள் வீடு ஒன்பதாவது கொன்செஷனில் இருக்கிறது. பதினான்காவது அவெனியூ ஐந்தாம், ஆறாம் லொட்டுகளுக்கு நடுவேயும் நெடுஞ்சாலை 7 பத்தாம், பதினோராம் லொட்டுகளுக்கு நடுவேயும் போகின்றன. ஆகவே உங்கள் காணி ஆறு முதல் பத்து வரையிலான லொட் ஒன்றின் துண்டு. பதினான்காவது அவெனியூவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 400 மீற்றருக்கு ஒரு லொட் என்று எண்ணினால் எது என்று தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த முறை வெறுமையாகத் தெரியும். அங்கே ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர், பரப்புக் கணக்கு, நாலு எல்லைக்கும் அயலவர் பெயர் என்று உறுதியில் எழுதியிருக்கும். ஒல்லாந்தர் தோம்பு என்ற காணிப் பதிவேட்டை எழுதியபோது அங்கே ஏற்கெனவே ஆட்கள் பரம்பரையாகப் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். இருந்த உரிமையைப் பதிந்தார்கள். மார்க்கத்தில் முதலில் கட்டம் போட்டார்கள், எண் கொடுத்தார்கள், பிறகே ஆளைத் தேடினார்கள். உங்கள் கேள்விக்கான பதில் சிக்கலாவது இந்த வரிசையால்தான். கட்டத்துக்குப் பெயர் எழுதுவது ஒரு வேலை, அங்கே போய் உழைப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்யவேண்டும் என்று அரசு விரும்பியது. பல லொட்டுகளில் அப்படி நடக்கவில்லை.

டவுன்ஷிப்பின் முதல் குடியேற்றம் வில்லியம் பெர்ஸியின் தலைமையில் 1794இல் வந்த ஜெர்மன் குடும்பங்கள். நியூயோர்க்கின் ஜெனசீப் பகுதியில் அவர்களைக் குடியேற்றக் கொண்டுவந்த நிலக் கம்பனியின் முகவரோடு தகராறு ஏற்பட, பெர்ஸி லெப்டினன்ட் கவர்னர் சிம்கோவிடம் வந்தார். மார்க்கத்தில் 64,000 ஏக்கர் தருவதாகப் பேச்சு. யோங் வீதியை வெட்டும் வேலையும் பெர்ஸியின் தலையில் விழுந்தது. ஆட்கள் காடு வெட்டினார்கள், வீடு கட்டினார்கள், ஆலை போட்டார்கள். பிற்பாடு அரசு பெர்ஸியின் உரிமைக்கோரிக்கையை ஏற்க மறுத்துவிட்டது. அவர் கடனாளியாகி மொன்றியலுக்குப் போய் ஓவியராக வாழ்ந்தார். 1813இல் நியூயோர்க்கில் இறந்தார். அவரோடு வந்த குடும்பங்களில் பலர் தங்கள் தங்கள் லொட்டுக்குத் தனித்தனியே பத்திரம் வாங்கவேண்டி வந்தது. பிரித்தானியக் குடிகள் அல்லாதவர்கள் என்ற பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. ஆகவே ஒரு ஜெர்மன் குடும்பத்தின் பத்திரத்தில் உள்ள ஆண்டைப் பார்த்து ‘இந்த ஆண்டில்தான் வந்தார்கள்’ என்று எழுதாதீர்கள். பத்திரத்துக்குப் பல வருடங்களுக்கு முன்பே அவர்கள் அங்கே இருந்திருக்கலாம். மார்க்கம் வரலாற்றில் இந்த ஆட்களுக்குத் தரப்படும் இடம் போதாது என்பது என் எண்ணம்.

இனி ‘சும்மா கொடுத்ததா’ என்ற கேள்வி. 1820களின் நடுப்பகுதி வரை காணியின் விலை என்று அரசு பெரும்பாலும் ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் கட்டணங்கள் இருந்தன, நிபந்தனைகளும் இருந்தன. வழமையான நிபந்தனை 16க்கு 20 அடியில் ஒரு வீடு, ஐந்து ஏக்கர் காடு வெட்டல், காணிக்கு முன்னால் உள்ள வீதிப் பகுதியைத் துப்புரவாக்கல். இவற்றைச் செய்து சான்று காட்டிய பிறகே கிரவுன் பேட்டன்ட் என்ற, முடியின் (அதாவது மன்னர் பெயரிலான அரசின்) வழங்கல் பத்திரம். அதற்கு முன் கையில் இருப்பது வெறும் ஒதுக்கீட்டுச் சீட்டு. அமெரிக்கப் புரட்சியில் முடியின் பக்கம் நின்ற லோயலிஸ்டுகளின் பிள்ளைகளுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும், 200 ஏக்கர் உரித்து இருந்தது. படையதிகாரிகளுக்கும் பதவியில் இருந்தோருக்கும் இன்னும் கூட. இவர்களில் எத்தனையோ பேர் காணியைக் கண்ணால் பார்க்காமலே சீட்டை விற்றார்கள். சீட்டுக் கைமாறிக் கைமாறி, வாங்கியவர் இறந்து, வாரிசு வந்து நின்றால் யாருக்குப் பத்திரம் கொடுப்பது? இதைத் தீர்க்கவே 1797இல் வாரிசுரிமை ஆணைக்குழு ஒன்றை அமைத்தார்கள். இரண்டாவது ஆணைக்குழு 1805இல் தொடங்கி 1911வரை நீடித்தது. அதன் கோப்புகளில் ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் சிலவேளை சாட்சியமாகக் கிடைக்கும். காணி தேடுகிறவர்கள் அதிகம் திறந்து பார்க்காத கோப்புகள் அவை.

பலருக்கும் தெரியாத இன்னொரு விஷயம் ஒதுக்கு நிலங்கள். 1791ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் ஏழில் ஒரு பங்கு புரட்டஸ்தாந்து குருமாருக்கும் இன்னொரு ஏழில் ஒரு பங்கு முடிக்கும் என்று ஒதுக்கினார்கள். தனியாக ஒரு மூலையில் ஒதுக்கவில்லை. சதுரங்கப் பலகைபோல ஊர் முழுக்கச் சிதறிப் போட்டார்கள். இந்த லொட்டுகளை யாருக்கும் இலவசமாகக் கொடுக்கவில்லை. இருபத்தொரு வருடக் குத்தகைக்குவிட்டார்கள். ஆரம்பத்தில் 200 ஏக்கருக்கு முதல் ஏழு வருடம் ஆண்டுக்கு 10 ஷில்லிங், அடுத்த ஏழு வருடம் 20, கடைசி ஏழு வருடம் 30. பிறகு முடியின் ஒதுக்கு நிலங்களில் பெரும்பகுதி 1826இல் கனடாக் கம்பனி என்ற நிலக் கம்பனிக்கு விற்கப்பட்டது. ஏறத்தாழ 226,000 ஏக்கர், இன்றைய ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் முன்னோடியான கிங்ஸ் கல்லூரிக்குப் போனது. குருமார் நிலங்கள் 1827க்குப் பிறகு மெல்ல மெல்ல விற்பனைக்கு வந்தன. 1854இல் அந்த ஒதுக்கீடே சட்டத்தால் முடிவுக்கு வந்தது. உங்கள் லொட்டின் பதிவேட்டில் முதல் பெயராகக் கனடாக் கம்பனியோ கிங்ஸ் கல்லூரியோ இருந்தால், அல்லது முதல் பத்திரமே 1840கள், 50களில் இருந்தால், ஒதுக்கு நிலமாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியானால் அதற்கு முன் இருபது, முப்பது வருடம் யாரோ ஒரு குடும்பம் குத்தகைக்கு இருந்து காடு வெட்டி வயலாக்கியிருக்கக்கூடும். அந்தப் பெயர் பதிவேட்டில் வராது.

வீதிக்குப் பெயர் தந்த ரீசர் குடும்பம் பென்சில்வேனியாவிலிருந்து வந்த மெனோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். 1800களின் தொடக்கத்தில் இப்படி வண்டி கட்டி வந்த குடும்பங்கள் கிழக்கு மார்க்கத்தில் பல. ஊரில் பரவலாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1796இல் காணி பார்க்க வந்த பீற்றர் ரீசர், பரன் டி ஹோன் என்ற படையதிகாரிக்குத் தன் குதிரையையும் சேணத்தையும் கொடுத்து நூற்றுக்கணக்கான ஏக்கர் வாங்கினார் என்பது அந்தக் கதை. நான் இதை நம்பத்தகுந்த குடும்ப வழக்கு என்று எடுத்துக்கொள்வேன், நிரூபிக்கப்பட்ட உண்மையாக எழுதமாட்டேன். படையதிகாரி ஒருவர் கைப்பொருள் இல்லாமல் நிறையக் காணி வைத்திருந்ததும் அதை மலிவாகத் தள்ளிவிட்டதும் அந்தக் காலத்தில் சாதாரணம். ஆனால் அன்றைய பதிவு முறையில் முழு உறுதியைப் பதிவது இல்லை. 1795ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி ‘மெமோரியல்’ என்ற சுருக்கத்தையே பதிந்தார்கள். திகதி, இரு தரப்பினர், சாட்சிகள், காணி விபரம் இருக்கும். கைமாறிய விலை பெரும்பாலும் இருக்காது. குதிரை அதில் எங்கும் வராது. முழு உறுதிகளைப் பதியும் வழக்கம் 1865க்குப் பிறகுதான் வந்தது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. கதையின்படியே பார்த்தாலும் ரீசர் முதல் சொந்தக்காரர் அல்ல, வாங்கியவர். பென்சில்வேனியா மெனோனைட்டுகள் பொதுவாகப் பணத்தோடு வந்து, ஏற்கெனவே பத்திரம் பெற்றவர்களிடம் விலைக்கு வாங்கினார்கள். வாங்கியவர்கள் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் வாங்கிக் கொடுத்தார்கள், தலைமுறையாக இருந்தார்கள். அதனால்தான் வீதிக்கும் கல்லறைக்கும் அவர்கள் பெயர் நிலைத்தது. அக்குடும்பத்தில் டேவிட் ரீசர் 1856இல் ‘மார்க்கம் எக்கோனமிஸ்ட்’ பத்திரிகையைத் தொடங்கி, 1867இல் கனடாக் கூட்டமைப்பு உருவானபோது செனட்டர் ஆனார். அமெரிக்காவிலிருந்து வந்தவர்களுக்குக் காணி வைத்திருக்கும் உரிமை உண்டா என்ற அரசியல் சண்டை 1820களில் பெரிதாகி, 1828ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தோடுதான் அடங்கியது. அதுவரை இந்தக் குடும்பங்கள் உழுத நிலத்தின்மேல் ஒரு பயத்தோடு இருந்திருப்பார்கள்.

நீங்கள் பார்த்த 1878ஆம் ஆண்டு யோர்க் கவுண்டி அட்லஸ் நல்ல ஆவணம்தான். ஆனால் அது சொல்லக்கூடியது 1878ஐப் பற்றி மட்டும். முதல் பத்திரத்துக்கும் அதற்கும் இடையில் இரண்டு, மூன்று தலைமுறை போய்விட்டது. இந்த வகை அட்லஸ்கள் சந்தாப் பணத்தில் அச்சிடப்பட்டவை. சந்தா கட்டியவர்களுக்கே முன்னுரிமை. பெயர் இல்லாத துண்டில் ஆள் இல்லை என்று எண்ணக்கூடாது. பெயர் இருப்பவரே அங்கு வசித்தார் என்றும் எண்ணக்கூடாது. குடியிருந்தவரைத் தேட டவுன்ஷிப் வரி மதிப்பீட்டுப் பட்டியல்களைப் பாருங்கள். சொந்தக்காரரா, குத்தகைக்காரரா என்று ஓர் எழுத்தால் குறித்திருப்பார்கள். 1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவசாய அட்டவணை இன்னும் நல்லது. லொட், கொன்செஷன் எண்ணோடு, உரிமையாளரா வாடகைக்கு இருப்பவரா, எத்தனை ஏக்கர் என்றெல்லாம் எழுதியிருக்கும்.

பெண்களைத் தேடுவதற்குத் தனிக் கண் வேண்டும். லோயலிஸ்டின் மகள் என்ற உரித்தில் பெற்ற காணி பெண்ணின் பெயரிலேயே தொடங்கும், பெரும்பாலும் உடனே கணவனோடு சேர்ந்து விற்றதாக முடியும். மற்ற இடங்களில், கணவன் விற்கும்போது மனைவி தன் கைம்பெண் உரித்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைப்பாள். ஒரு வீட்டுக்காரியின் பெயர் காணிப் பதிவில் வரும் ஒரே இடம் பல குடும்பங்களில் அதுதான். தந்தை மரணசாசனம் எழுதாமல் இறந்தால் மூத்த மகனுக்கே எல்லாம் என்ற விதி மேல் கனடாவில் 1851ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. அதற்குப் பிந்திய பதிவுகளில் சகோதர சகோதரிகள் பலர் சேர்ந்து ஒருவருக்கு எழுதிக்கொடுத்த உறுதிகளைக் கண்டால் அவற்றை விடாமல் வாசியுங்கள். குடும்ப மரம் முழுவதும் அதற்குள் இருக்கும்.

இனி மூன்றாவது கேள்வி. முடி கொடுத்தது சரி, முடிக்கு யார் கொடுத்தார்கள்? ரொறன்ரோ கொள்முதல் என்று அழைக்கப்படும் 1787ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பத்திரத்தை 1794இல் எடுத்துப் பார்த்தபோது நில விபரம் எழுதாத வெற்றுத் தாளாக இருந்தது. 1805இல் மிசிசாகா என்ற முதற்குடி மக்களோடு 10 ஷில்லிங் கொடுத்துப் புதிதாக எழுதினார்கள். எவ்வளவு நிலம் என்பது பற்றிய அவர்கள் கோரிக்கை 2010இல்தான் 145 மில்லியன் டொலரோடு தீர்ந்தது. உங்கள் வீடு இருக்கும் கிழக்குப் பக்கம் இன்னும் குழப்பமானது. 1787-88இல் செய்ததாகச் சொல்லப்படும் ‘துப்பாக்கிச்சூட்டு’ ஒப்பந்தத்தின் எல்லைகள் தெளிவாக எழுதப்படவே இல்லை. 1923இல் வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் என்ற பெயரில் மிசிசாகா, சிப்பெவா மக்களிடம் மறுபடி கையெழுத்து வாங்கினார்கள். அந்த ஏழு முதற்குடிச் சமூகங்களோடு 2018இல் 1.1 பில்லியன் டொலர் தீர்வும் அரசின் மன்னிப்பும் வந்தன. அதாவது ஒன்பதாவது கொன்செஷனில் முதல் பத்திரங்கள் எழுதிய காலத்தில், எழுதிக்கொடுத்தவரின் சொந்த உரிமையே சரியாக எழுதப்பட்டிருக்கவில்லை. அதற்கும் முன்னால் வென்டாட் மக்கள் இந்த ஆற்றங்கரைகளில் சோளம் பயிரிட்டார்கள். பக்கத்து ஸ்டவுவ்வில் ஊரில் 2003 முதல் 2005 வரை தோண்டிய பெரிய கிராமம் அதற்குச் சாட்சி. ‘முதல் குடியேறிகள்’ என்று எழுதும்போது, தயவுசெய்து பத்திரம் பெற்ற முதல் குடியேறிகள் என்றே எழுதுங்கள்.

உங்களுக்குச் சற்றுக் கிழக்கே உள்ள பண்ணைகளில் உரிமைத் தொடரின் மறுமுனையும் விசித்திரமானது. 1972இல் பிக்கரிங் விமான நிலையத்துக்கென்று மத்திய அரசு 18,600 ஏக்கர் நிலத்தைக் கட்டாயமாக எடுத்தது. பிக்கரிங், மார்க்கம், அக்ஸ்பிரிட்ஜ் டவுன்ஷிப்களில் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே அரசுக்கு வாடகை கட்டும் நிலைக்கு வந்தன. விமான நிலையம் வரவேயில்லை. 2025 ஜனவரியில் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். அந்த நிலங்களில் ஒரு பகுதி இன்று ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா. அந்த லொட்டுகளின் பதிவேட்டை விரித்தால் முதல் வரியிலும் கடைசி வரியிலும் முடியின் பெயர்தான். நடுவில் வரும் பெயர்களுக்காக எனக்கு உண்மையிலேயே மனம் நோகும்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. வீட்டு உறுதியில் உங்கள் காணி 65எம் என்று தொடங்கும் ஒரு பிளானின் லொட்டாக எழுதப்பட்டிருக்கும். அது பண்ணையை வீட்டுக் காணிகளாகப் பிரித்த பிளான். அந்தப் பிளானின் தலைப்பிலேயே ‘ஒன்பதாவது கொன்செஷன், இத்தனையாம் லொட்டின் பகுதி’ என்று இருக்கும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, ஒன்ராறியோ அரசின் ‘ஒன்லாண்ட்’ இணையத்தளத்தில் யோர்க் பகுதியின் பழைய சுருக்கப் பதிவேடுகளைத் திறவுங்கள். பார்ப்பதற்குப் பணம் இல்லை. மார்க்கம், ஒன்பதாவது கொன்செஷன், உங்கள் லொட் உள்ள பக்கத்தில் முதல் வரி கிரவுன் பேட்டன்ட். திகதி, பெயர், ஏக்கர் மூன்றும் இருக்கும். அங்கிருந்து கீழே ஒவ்வொரு விற்பனையாக, ஈடாக, மரணசாசனமாக இறங்குங்கள். ஈடுகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு குடும்பம் எந்த வருடம் கஷ்டப்பட்டது என்று அவை சொல்லும். பெயருக்குப் பெயர் இடைவெளி வந்தால் பதறவேண்டாம். உறுதியைப் பதியாமல் பெட்டியில் வைத்திருந்தவர்கள் நிறையப்பேர். பேட்டன்ட்டுக்கு முந்திய காலத்துக்கு, மேல் கனடாக் காணி விண்ணப்பங்கள் கனடாவின் தேசிய நூலக, ஆவணக் காப்பகத்தின் தளத்தில் படங்களாக இருக்கின்றன. டவுன்ஷிப் கோப்புகள் யோர்க் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ஒன்ராறியோ ஆவணக் காப்பகத்தில். விண்ணப்பத்தில் ஆள் தன் கதையைத் தானே சொல்வார்: எங்கிருந்து வந்தேன், எத்தனை பிள்ளைகள், எவ்வளவு வெட்டியிருக்கிறேன் என்று. அதில் காணி கேட்பதற்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார்கள் என்பதை மனதில் வைத்து வாசியுங்கள்.

லொட் எண்ணை நீங்கள் எழுதவில்லை, அதனால் பெயரை நான் ஊகிக்கப் போவதில்லை. இது வரலாற்றுத் தேடலுக்கான வழி மட்டுமே. இன்றைய எல்லை, உரிமை பற்றிய சந்தேகம் ஏதும் இருந்தால் அதற்கு ஒரு வழக்கறிஞரையும் நில அளவையாளரையும் பாருங்கள். முதல் பக்கத்தில் எழுத்து வாசிக்கக் கடினமாக இருந்தால் படத்தை இங்கே போடுங்கள். வீட்டு இலக்கத்தை மறைத்துவிட்டுப் போட்டால் போதும். அந்தக் காலத்துக் குமாஸ்தாக்களின் கையெழுத்து எனக்குப் பழக்கம்.